அம்மாவின் குரலுக்கு மூன்று டிரான்சிஸ்டர்

பதுளையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் எலெக்ட்ரோனிக்ஸ் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு பாடம் வரும். டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்று, தன்னிடம் வரும் சின்ன மின்னழுத்தத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கி வெளியே விடுகிறதோ, அதுதான் அதன் வோல்ற்றளவு நயம். ஒன்றின் பின்னால் இன்னொன்றை அடுத்தடுத்த படிகளாக வைத்தால் இரண்டு நயங்களையும் பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது. நூறும் நூறும் சேர்ந்தால் இருநூறு அல்ல, பத்தாயிரம். இந்த இடத்தில் வகுப்பில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். அந்தப் பத்தாயிரத்தைப் பலகையில் எழுதும்போது எனக்கும் ஒரு மிதப்பு வரும், பொய் சொல்வானேன். அதற்குக் கீழே, "அடுத்த படி முந்திய படிக்குச் சுமையாகும், ஆகவே நயம் குறையும்" என்று ஒரு வரி எழுதுவேன். அதை எழுதி முடிப்பதற்குள் பெரும்பாலும் மணி அடித்துவிடும். நானும் சாக்கட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

அந்த ஒற்றை வரி வீடு தேடி வந்து என்னை உதைத்தது, அம்மாவின் குரல் போனபோது.

அம்மா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. கொழுந்து எடுக்கிற பெண்களை எந்த மலைக்கு அனுப்புவது, யாருக்குத் தேயிலைச் செடிகளின் எந்த நிரை, யார் முத்தல் இலையைப் பிடுங்கிக் கூடைக்குள் மறைக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை. எங்கள் டிவிசனில் காலங்காலமாக ஆம்பிளைகள்தான் பார்த்தார்கள். அம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தபோது, "பொம்பள கங்காணியா? சரிதான் போ" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் சிரிப்பை அம்மா குரலாலேயே அடைத்தாள். மலை அடிவாரத்தில் நின்று ஒரு சத்தம் போட்டாளென்றால் உச்சி நிரையில் இருக்கிறவளின் கை முத்தல் இலையை விட்டுவிடும். சின்ன வயதில் நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் எதன் பின்னால் ஒளிந்திருந்தாலும் அந்தச் சத்தம் வந்து என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கழுத்தில் கழலை வந்து ஒப்பரேஷன் செய்தார்கள். ஒப்பரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு சிலருக்குச் சோர்ந்துபோய்விடுமாம், அம்மாவுக்குச் சோர்ந்துவிட்டது. கண் விழித்தவள் பேசியபோது காற்றுதான் வந்தது. காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு குரல். தையல் ஆறினால் வந்துவிடும் என்று இருந்தோம். ஆறியும் வரவில்லை. கிளினிக்கில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, பழைய குரல் திரும்பாது, இதை வைத்துக்கொண்டுதான் பழக வேண்டும் என்று தன்மையாகச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. கேட்டா சளின்னு சொல்லு."

"எத்தன நாளைக்கும்மா சளி?"

"நான் சொல்ற வரைக்கும் சளிதான்."

சளி என்ற கதை லயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் லீவு முடிகிற நேரம் சின்னதொரை சொல்லி அனுப்பிவிட்டார். தோட்டத்துத் துணை மேனேஜரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். புதிதாக வந்திருந்த இளைஞர். திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு வந்து, அதாவது எல்லோரையும் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கிற இடத்துக்கு வந்து, அம்மா வேலை கொடுத்துக் காட்ட வேண்டும். முடிந்தால் கங்காணி. முடியாவிட்டால் மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டியதுதான். அம்மாவுக்குப் பதில் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அத்தை. சொந்த அத்தை இல்லை, லயத்து முறைக்கு அத்தை. அம்மாவுக்குக் கங்காணி வேலை கிடைத்த நாளிலிருந்து, அது தனக்கு வரவேண்டியது என்று பேச்சை முறித்துக்கொண்டவள். பைப்படியில் இரண்டு பேரும் நின்றால் வாளிகள்தான் பேசிக்கொள்ளும், டங்கு டங்கு என்று.

எனக்குக் கோபம் வந்தது. நான் இருக்கிறேன், எலெக்ட்ரோனிக்ஸ் டீச்சர், என் அம்மாவின் குரல் போய் அவள் வேலையை இழப்பதா? விடுவேனா?

வகுப்பில் கத்தித் தொண்டை கட்டிய டீச்சர்மார் இடுப்பில் மாட்டிக்கொள்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை பதுளை டவுனில் வாங்கினேன். மைக்கை அம்மாவின் வாயருகே வைத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டி குரலுக்குச் செய்தது, காற்றுக்குச் செய்ததல்ல. அம்மா பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே நேராகத்தான் கேட்டது, பெட்டி வழியாகக் கேட்கவில்லை. சரி, மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பெருக்கி வேண்டும், அதை நானே செய்கிறேன் என்று கிளம்பினேன்.

பயிற்சி நிலையத்தில் வகுப்பு முடிந்தபிறகு உட்கார்ந்து இரண்டு படி செய்தேன். தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் நூறு மடங்கு. அலைகாட்டியின் திரையில் அலை அழகாக நிமிர்ந்தது. பின்னர் இரண்டையும் சேர்த்து ஒயரைக் கொடுத்துவிட்டுப் பத்தாயிரத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது ஏறக்குறைய இரண்டாயிரம். மறுபடி அளந்தேன். ஒயரை மாற்றினேன். டிரான்சிஸ்டரை மாற்றினேன். அலைகாட்டியை இரண்டு தட்டுத் தட்டினேன். அதே இரண்டாயிரம். அடச்சீ என்றாகிவிட்டது. வருஷா வருஷம் பலகையில் நான் எழுதிய கணக்கு என் மேசைமேல் உட்கார்ந்து பல்லைக் காட்டியது.

எனக்கு இருக்கிற குணம், முதலில் யோசிக்காது, முட்டும். நூறும் நூறும் போதவில்லையா, இந்தா இன்னொரு நூறு என்று மூன்றாவது படியையும் கட்டினேன். ஸ்பீக்கரில் கொடுத்ததும் ஊய்ய்ய் என்று ஒரு ஊளை. வராந்தாவில் போன காவலாளி எட்டிப் பார்த்து, "டீச்சர், நாய் ஏதும் உள்ள வந்திருச்சா?" என்று கேட்டார். ஊளையை அடக்கினால் இரைச்சல். பெருக்கிக்கு அம்மாவின் குரல் எது, மைக்கின் சொந்த இரைச்சல் எது என்று தெரியாது, வருவதையெல்லாம் பெருக்கும். முதல் படியில் நுழைந்த குப்பையை அடுத்த படிகள் பெரிய குப்பையாக்கித் தரும். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை மடுல்சீமை பஸ்ஸில் ஏறினேன். அந்த ரோட்டில் பஸ் குலுங்குகிற குலுக்கலில் என் மண்டைக்குள் ஏதாவது இடம் மாறினால்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இடம் மாறியது சனிக்கிழமை காலையில், எங்கள் பைப்படியில். எங்கள் லயத்துக்கு மேலே இருந்து ஒரே ஒரு குழாய். தனியாக வாளி பிடித்தால் தண்ணீர் சீறிக்கொண்டு விழும். அன்றைக்கு நான் பிடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் காம்பரா அத்தை வந்து, என் முகத்தைக்கூடப் பாராமல், அதே குழாயில் மேலே இருந்த இன்னொரு திறப்பில் தன் ரப்பர் குழாயை மாட்டினாள். என் வாளியில் விழுந்தது நூலாகிவிட்டது. "அத்தை!" என்று கத்தினேன். "டீச்சரம்மாவுக்கு மட்டுமா தண்ணி வருது?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் வாளியை விட்டுவிட்டு அந்தக் குழாயையே பார்த்தேன். நான் எழுதிவிட்டு ஓடுகிற அந்த ஒற்றை வரி இதுதானே!

தனியாக அளக்கும்போது என் முதல் படியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது தாராளமாக நூறு மடங்கு தந்தது. இரண்டாம் படியை மாட்டியதும், அது தான் வேலை செய்வதற்காக முதல் படியிலிருந்து மின்னோட்டத்தை இழுத்தது. இழுத்த இழுப்பில் முதல் படியின் மின்னழுத்தம் சரிந்து, நூறு இருபதாகிவிட்டது. இருபதும் நூறும் இரண்டாயிரம். கணக்கில் தப்பே இல்லை. பெருக்கத்தான் வேண்டும், ஆனால் தனியே நின்றபோது இருந்த நயத்தை அல்ல, அடுத்தவனைச் சுமந்துகொண்டிருக்கும்போது இருக்கிற நயத்தை.

இதற்கு மருந்தும் எனக்குத் தெரியும். எமிட்டர் ஃபாலோவர் என்று ஒரு படி. மாணவர்கள் யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடித்ததில்லை. அதன் நயம் ஒன்று. அதுகூட முழுசாக இல்லை. கொடுத்ததைச் சற்றுக் குறைத்துத் திருப்பித் தரும். இது எதற்கு டீச்சர், சும்மா நிற்பதற்கா என்று கேட்பார்கள். அது முந்திய படியிடமிருந்து ஏறக்குறைய ஒன்றுமே வாங்காது. வாங்காமல் கேட்கும். கேட்டதை அப்படியே, அடுத்த படி எவ்வளவு இழுத்தாலும் சரியாமல், கொண்டுபோய்க் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. மூன்றாவது நூறைக் கழற்றி வீசிவிட்டு இதை இரண்டுக்கும் நடுவில் வைத்தால், நான் அலறி அலறி அடைய முடியாத பத்தாயிரத்துக்குக் கிட்டப் போய்விடலாம். மைக்கைப் பெட்டிக்கு முதுகு காட்டி வைத்தால், பெட்டியின் சத்தம் திரும்ப மைக்குக்குள் நுழையாது, ஊளையும் அடங்கும்.

அன்று பின்னேரம் காம்பராவில் உட்கார்ந்து அந்தப் படியை ஈயம் வைத்து ஒட்டினேன். டிரான்சிஸ்டரின் கடைசிக் கால் ஒட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மடுல்சீமைப் பக்கம் அது புதினமில்லை. லயத்து டிவிக்களெல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடின. மழையும் விட்டிருந்தது. பெட்டி பேட்டரியில் ஓடுவது, ஆகவே நான் விடவில்லை. மைக்கை அம்மாவின் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு, ஒட்டாத அந்தக் காலை ஓர் ஈர்க்குச்சியால் அழுத்திப் பார்க்கத் தொடங்கினேன்.

"ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்கம்மா."

"என்னத்தப் பேசுறது?"

"என்னமாச்சும். நிறுத்தாதீங்க."

அம்மா அடுப்பைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள். நான் ஈர்க்கை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன். பெட்டியில் கர்ர் என்றது, நின்றது, மறுபடி கர்ர் என்றது. திடீரென்று கால் பொருந்தியது. அம்மா பேசினாள்! காற்று இல்லை, குரல். கொஞ்சம் கரகரப்பாக, பின்னால் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சின்ன இரைச்சலோடு, ஆனால் காம்பரா நிறைய. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈர்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, எத்தனை தெளிவு, எத்தனை மடங்கு இருக்கும் என்று அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லைக் கேட்கவில்லை.

அம்மாவும் நிறுத்தவில்லை. மாதக்கணக்காகத் தன் குரலையே கேளாதவள், அது எதிரே இருந்து வருவதைக் கேட்டு அதிலேயே மயங்கிவிட்டாள் போலிருக்கிறது. பெட்டி சொல்லிக்கொண்டே போனது:

"...சளியாவது மண்ணாவது. இனிமே வராதுன்னு டாக்டரு சொல்லிப்புட்டாரு. திங்கக்கெழம பெரட்டுல நின்னு என்னான்னு சொல்லுவேன்? பயமா இருக்கு புள்ள. நெரையில நின்னு கொழுந்தெடுக்க எனக்கென்ன, கையி இருக்கு. இத்தன பேருக்கு முன்னால வாயத் தொறந்து சத்தம் வராம நிக்கிறதுதான்... அத நெனச்சா தூக்கம் வரல. நான் போனா பக்கத்து காம்பராக்காரிக்குத்தான் குடுக்கணும். வேற எவளுக்குக் குடுத்தாலும் மலைய நாசம் பண்ணிப்புடுவாளுக. கொழுந்து பாக்குற கண்ணு அவ ஒருத்திக்குத்தான் இருக்கு. அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாத, ஆடுவா..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் எல்லாம் திறப்பு. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அதனால்தான் அங்கே பிறந்தவர்கள் எல்லோருக்கும் முக்கியமானதை ரகசியக் குரலில் பேசுகிற பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த நான், கரண்ட் இல்லாத, டிவி இல்லாத, மழை இல்லாத ஒரு பின்னேரத்தில், அம்மாவின் ரகசியத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கிக் கூரைக்கு அடியில் விட்டிருக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூடி கீழே விழுந்து உருண்டு நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"அமத்துடி அத!" என்றாள். அதையும் பெட்டி லயம் முழுக்கச் சொன்னது.

அன்றைக்கு அம்மா என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. ரகசியக் குரலில் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும், அது எப்படிச் சுடும் என்று. "படிச்சவளாம்! சொவத்தப் பாத்தியாடி?" என்று மட்டும் எத்தனையோ தடவை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்ததும் அந்தக் காலை ஒட்டி, பெட்டியை அடைத்து, வார் கட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். தொடவே இல்லை.

"ஊரு சிரிச்சது போதும். மானம் போனவளா போயி நிப்பேன். அத மாட்டிக்கிட்டுப் போவ மாட்டேன்."

திங்கட்கிழமை நான் பதுளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அவள் பின்னாலேயே பெரட்டுக்குப் போனேன். கடைசி நேரத்திலாவது மனம் மாறினால் ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்று ஓர் ஆசை.

பெரட்டு என்றால் சந்தை. பெண்கள் கூடைகளை ஆட்டிக்கொண்டு, முதல்நாள் நாடகத்தில் யார் யாரை அறைந்தாள் என்பதிலிருந்து வெலிமடை உருளைக்கிழங்கு விலைவரை பேசுவார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே எழும்பத்தான் கங்காணிக்குக் குரல் வேண்டும். அன்றைக்கும் தூரத்திலிருந்தே இரைச்சல் கேட்டது. சின்னதொரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு போனில் யாரோடோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பரா அத்தை முன்வரிசையில் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். வேலையை வாங்கத் தயாராகவே வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா வழக்கமாக நிற்கிற படிக்கல்லில் ஏறி நின்றாள். கை சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தாள்.

அத்தை ஒரு கையைத் தூக்கினாள். அவ்வளவுதான் செய்தாள். முன்வரிசை நின்றது. அதன் பின் அடுத்த வரிசை, அதன் பின் கடைசி வரிசை. பாதிச் சொல்லில் இருந்தவள் மீதியை விழுங்கினாள். கூடையை ஆட்டிக்கொண்டிருந்தவள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கீழே ஓடை ஓடுகிற சத்தம் கேட்டது. நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள், பெரட்டில் நின்று ஓடைச் சத்தம் கேட்டதே இல்லை.

அம்மா பேசினாள். "பதினொன்னாம் நம்பர் மல. மேல் நெரைக்கு மூத்தவங்க..." கடைசியில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

கேளாதவர் ஒருவர்தான். சின்னதொரை போனில் ஏதோ கேட்டு ஹாஹா என்று சிரித்தார். அத்தை திரும்பினாள்.

"தொர, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. எங்க கங்காணி பேசுறாங்க."

எங்கள் தோட்டத்தில் யாரும் எந்தத் தொரையையும் வாயடக்கச் சொன்னதில்லை. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். கோபப்படுவாரா என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை, திகைத்துப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா வேலையைக் கொடுத்து முடிக்கும்வரை பேசாமல் நின்றார். பிறகு பக்கத்தில் வந்து, "கொரல் எப்ப சரியாகும் கங்காணி?" என்று கேட்டார்.

அம்மா நிலத்தைப் பார்த்தாள். சளி என்று இனிச் சொல்ல முடியாது.

"அதுக்கென்னங்க கொறச்சல்?" என்றாள் அத்தை. "எங்களுக்குக் கேக்குது."

பின்னால் யாரோ, "ஆமாங்க, கேக்குது" என்றார்கள். பிறகு இன்னொருத்தி. சின்னதொரை அந்தக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். "சரி, அப்ப மலைக்குப் போங்க. கங்காணி, நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். நான் பெட்டி இருந்த பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

பெண்கள் மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். வந்து கையை நீட்டினாள்.

"குடு. மேல காத்து அடிக்கும்."

வாரை அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அத்தை கூடையோடு எங்களைத் தாண்டிப் போனவள் நின்று, அம்மாவைப் பாராமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் டீச்சரு, அன்னைக்கு அந்தப் பொட்டி என்னையப் பத்தி என்னமோ சொல்லுச்சே, கண்ணு கிண்ணுன்னு. அத இன்னொரு தடவ சொல்லுமா?"

அம்மா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். அத்தையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அத்தைக்குக் கேட்டது.